பாதியாகக் கழிக்கக் கூடாத மழை

மகன் தினாவுக்கு,

மகன் என்று எழுதியதைப் பார்த்து உன் மனைவி சிரிக்க வேண்டாம். நீ என் அண்ணன் பிள்ளை. என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறாய். ஆனால் உன் ஒன்பதாவது வயதில் உன் அப்பா போன பிறகு, உன் முதுகில் பள்ளிக்கூடப் பையை மாட்டியது முதல் மணவறையில் தாலி எடுத்துக் கொடுத்தது வரை இந்தக் கைதான். இந்த ஹைதராபாத்திலேயே தெலுங்கும் இங்கிலீஷும் படித்தவன் நீ. தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி நீ படித்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதனால் கோயம்புத்தூர்க்காரி கவிதாவே இதை வாசித்துக் காட்டட்டும். அம்மா கவிதா, உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நடுவில் நிறுத்தாதே. அவன் எழுந்து உள்ளே போனாலும் கேட்கும்படி சத்தமாகப் படி.

நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். ஹைதராபாத்தில் வானிலை அளந்த கதையை எழுதுங்கள், உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தப்பு அவர்களுடையதல்ல. நாற்பது வருஷமாகத் திருமுல்கேரியிலும் லாலாகுடாவிலும் எந்தக் கல்யாணப் பந்தலில் உட்கார்ந்தாலும் "நான் வெதர் ஆபீசர்" என்று சொல்லிக்கொண்டு வந்தவன் நான். எட்டாவது பெயில். திருமுல்கேரியில் ஒரு மத்திய சர்க்கார் ஆபீஸ். அதன் காம்பவுண்டுக்குள் புல்தரை, புல்தரைக்கு நடுவில் ஒரு சின்ன வானிலை நிலையம். அதில் தினமும் அளந்து ஏட்டில் எழுதும் அப்சர்வர் உன் அப்பா. நான் அவரோடு எடுபிடி. வெப்பமானிகள் இருக்கும் வெள்ளை மரப்பெட்டிக்கு வருஷத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடிப்பேன். ஒரு வெப்பமானியின் குமிழில் சுற்றியிருக்கும் மெல்லிய துணி காய்ந்துபோகாமல் தண்ணீர் ஊற்றுவேன். நான் வகித்த ஆபீசர் உத்தியோகம் இவ்வளவுதான்.

கட்டுரையை அமர்க்களமாகத்தான் ஆரம்பித்தேன். நிஜாம் காலத்தில் ஒரு நவாப் சீமையிலிருந்து பெரிய தொலைநோக்கியை வாங்கிவந்து நட்சத்திரம் பார்க்க ஒரு கூடம் கட்டினார், பிறகு அது பேகம்பேட்டைப் பக்கம் இடம் மாறியது, நட்சத்திரம் பார்த்தவர்களே மேகத்தையும் காற்றையும் பார்க்க ஆரம்பித்தார்கள், அப்புறம் விமானம் வந்தது, விமானத்துக்காக வானிலை வந்தது, அப்புறம் ஏரிக்கரை, பண்ணை, பட்டாளத்து மைதானம் என்று ஊர் முழுக்க மழைமானிகள் முளைத்தன என்று எழுதிக்கொண்டே போனேன். மூசி ஆறு ஊரை விழுங்கிய அந்தப் பழைய பெருவெள்ளத்தில் ஒரு புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு பிழைத்தவர்களில் என் தாத்தாவும் ஒருவர் என்று எழுதினேன். அங்கே பேனா நின்றுவிட்டது. உனக்கும் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். தாத்தாவின் உள்ளங்கையில் புளியமரப் பட்டையின் வடு இருந்தது என்று கூடச் சொன்னேன். தினா, அந்த வெள்ளம் வந்தபோது தாத்தா ராணிப்பேட்டையில் தோல் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஊர்ப் பக்கமே அவர் வந்ததில்லை. கையில் இருந்த வடு தோல் சீவும் கத்தி கிழித்தது.

நம் வீட்டில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. உன் அப்பா ஆரம்பித்து வைத்தது. "அவன் எது சொன்னாலும் ரெண்டால வகுத்துக்கோ" என்பார். நான் பார்த்த பாம்பு பத்தடி என்றால் ஐந்தடி. என்னைத் துரத்திய நாய் நான்கு என்றால் இரண்டு. நீயும் அதையே இங்கிலீஷில் கற்றுக்கொண்டாய். நான் வாயைத் திறக்கும்போதே "டிவைட் பை டூ, சித்தப்பா" என்று இரண்டு விரலைக் காட்டுவாய். நானும் சிரிப்பேன். பாதியாகப் போகும் என்று தெரிந்தால் இரண்டு மடங்காகச் சொல்லிவிட்டுப் போகிறேன், கடைசியில் கணக்கு சரியாகத்தானே வருகிறது? இப்படித்தான் இத்தனை காலமும் தப்பித்தேன். இந்தக் கடிதத்தைத் தனியாக உறையில் போட்டு உனக்கு மட்டும் கொடுத்தால் இதையும் நீ பாதியாக்கிவிடுவாய். அதனால்தான் கட்டுரைக்குப் பதில் இதை மலரில் போடச் சொல்லியிருக்கிறேன். அச்சில் வந்ததை நானே மறுத்துப் பேச முடியாது. நீ மனை வாங்கியிருக்கும் அதே லேஅவுட்டில் நம் சங்கத்து ஆட்கள் இன்னும் நாலைந்து பேர் வாங்கியிருக்கிறார்கள். அவர்களும் படிக்க வேண்டும். மலர் வர நாளாகும். அதுவரை பொறுக்க முடியாது என்பதால் ஒரு நகலை ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே உன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

போன வாரம் நீ போன் செய்தாய். லோத்குண்டா தாண்டி உன் மனையில் அடுத்த மாதம் பூமி பூஜை, முதல் செங்கல்லை நான்தான் வைக்க வேண்டும் என்றாய். எனக்குச் சந்தோஷம்தான். அது கீழ்ப்பக்கம் ஆயிற்றே, பக்கத்தில் வாய்க்கால் போகிறதே என்று இழுத்தேன். கவலையே வேண்டாம் என்று நீ சிரித்தாய்.

"நக்கோ டென்ஷன், சித்தப்பா. உங்க வாய்ச்சொல்ல நம்பி நான் வாங்கல. டாடியோட ரிஜிஸ்டரே இருக்கு."

உன் கம்பெனி பழைய மழை ஏடுகளையெல்லாம் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறதாம். எங்கள் நிலையத்து ஏடும் அதில் வந்ததாம். அப்பாவின் கையெழுத்தைப் பார்த்து ஆபீசிலேயே உனக்குக் கண் கலங்கிவிட்டதாம். வருஷம் வருஷமாகப் புரட்டிப் பார்த்தாயாம். நிலையத்தை மூடும் வரைக்கும் அந்த வட்டாரத்தில் பயப்படும்படியான மழை ஒரு நாள் கூட இல்லையாம். ஒரு பக்கத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியிருப்பதாகவும் சொன்னாய். எந்த மாதத்துப் பக்கம் என்று கேட்டேன். நீ சொன்னாய். நான் போனை வைத்துவிட்டேன். டவர் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய்.

எத்தனையோ பக்கம் இருக்க அதையா மாட்ட வேண்டும்? அந்த மாதம் உன் அப்பா மஞ்சள் காமாலையோடு மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்தப் பக்கத்தில் இருக்கும் எண்களெல்லாம் நான் எழுதியவை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மாதக் கடைசியில் அடியில் கையெழுத்துப் போட்டது மட்டும்தான் அவர். அதில் ஒரு நாளின் எண் பொய்.

இதற்கு முந்தைய கதை ஒன்றைச் சொன்னால்தான் உனக்கு விளங்கும். அந்த வருஷக் கோடையில் உன் அப்பா இரண்டு நாள் லீவு; அவர் இல்லாத நாளில் அளந்து எழுதுவது என் வேலை. டீக்கடையில் யாரோ, "உங்க திருமுல்கேரி வெயிலெல்லாம் ஒரு வெயிலா?" என்று கேட்டுவிட்டான். எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் வெப்ப நிலையில் இரண்டு டிகிரியைக் கூட்டி எழுதிவிட்டேன். நம் பேட்டை மானம் காப்பாற்றப்பட்டது என்று நினைத்தேன். மற்ற எண்களோடு அது ஒட்டவில்லை என்று மேலே கண்டுபிடித்துவிட்டார்கள். அண்ணனுக்கு மெமோ வந்தது. அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை கூட்டி எழுதினால் உனக்கு மட்டுமல்ல, உன் அண்ணனுக்கும் வேலை இருக்காது" என்றார். அண்ணன் என்னைத் திட்டவில்லை. ஏட்டை எடுத்து ஒரு விஷயம் மட்டும் சொல்லிக்கொடுத்தார். "எண்ணு தப்பாப் போச்சுன்னா அழிக்கக் கூடாது. மேல மேல எழுதி மறைக்கவும் கூடாது. குறுக்கால ஒரே ஒரு கோடு போடு. மேல சரியானதை எழுது. பக்கத்துல கையெழுத்துப் போடு. தப்பும் தெரியணும், திருத்தினவனும் தெரியணும்." வானிலைக்காரர்கள் எல்லோருக்கும் முதலில் சொல்லித்தரும் பாடம் அதுதானாம்.

மழைக்காலம் வந்தது. அண்ணன் ஆஸ்பத்திரியில். ஒரு நாள் ராத்திரி முழுக்க மழை ஊற்றித் தீர்த்து விடிந்த பிறகுதான் விட்டது. இந்த ஊர் மழை உனக்குத் தெரியும். ஒரு தெருவில் கொட்டும், அடுத்த தெருவில் துணி காயும். அன்றைக்கு மேகம் முழுதும் எங்கள் தலைமேல்தான் நின்றிருந்தது. காலை எட்டரைக்கு மழையை அளக்க வேண்டும். மழைமானி என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. மேலே புனல், உள்ளே ஒரு பாட்டில், பாட்டிலைச் சுற்றி ஒரு பெரிய டப்பா. பாட்டிலில் சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அளக்க வேண்டும். பாட்டில் நிரம்பினால் மிச்சம் டப்பாவில் தேங்கும். அதையும் அளக்க வேண்டும். அந்த டப்பாவில் தண்ணீரை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அன்றைக்குத் திறந்தால் பாட்டில் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தது.

ஊற்றி ஊற்றி எண்ணினேன். வாட்ச்மேன் யூசுப் பாய் குடையோடு வந்து வேலிப்பக்கம் நின்றார். "கித்தா ஹுவா, மியாங்?" என்று எவ்வளவு ஆயிற்று எனக் கேட்டார். எனக்கு ஒரு ஆள் கேட்டால் போதாதா? "பாய், நிஜாம் காலத்துலருந்து இப்படி ஒரு மழை இல்ல. இத அளக்கறதுக்குன்னே பிறந்தவன் நான்" என்று ஆரம்பித்தேன். பேசிக்கொண்டே ஊற்றினேன். ஊற்றிக்கொண்டே பேசினேன். எத்தனையாவது குவளை என்பது தவறிப்போயிற்று. அளந்த தண்ணீரோ புல்லுக்குள் போய்விட்டது. டப்பாவில் பாதிக்கு மேல் இன்னும் இருந்தது. அதையாவது அளந்திருக்கலாம். எண்ணியவரை எழுதி, எண்ணிக்கை தவறிவிட்டது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் கூடப் போதும், அது நேர்மை. எனக்குத் தோன்றியது வேறு. இந்தப் பெரிய எண்ணை நான் எழுதினால் எவன் நம்புவான்? கூட்டி எழுதுகிறவன் மறுபடி கூட்டிவிட்டான் என்பார்கள். அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது அவர் வேலை போகும். டப்பாவைக் கவிழ்த்தேன். உள்ளே போய், ஊரின் இன்னொரு மூலையில் மழை அளக்கிற தெரிந்த ஆளுக்குப் போன் போட்டு அங்கே எவ்வளவு என்று கேட்டேன். அங்கே சுமாரான மழை. அதோடு இரண்டு மூன்று கூட்டி, யாருக்கும் சந்தேகம் வராத ஒரு எண்ணை எழுதினேன். வாழ்க்கை முழுக்க எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கியவன், அந்த ஒரு நாள் மட்டும் குறைத்தேன். பெருக்கிச் சொன்ன எதனாலும் ஒரு எறும்பு கூடச் சாகவில்லை.

ஏட்டை மூடி வைக்கும்போது சாயம்மா ஓடி வந்தாள். எங்கள் ஆபீசில் பெருக்குகிறவள். மழைமானியைச் சுற்றியிருக்கும் புல்லை வெட்டுகிறவளும் அவள்தான். உன் அப்பாவைப் பெரிய சார் என்பாள், என்னைச் சின்ன சார் என்பாள். வாய்க்கால் ஓரம் தாழ்வான இடத்தில் குடிசை. மழை பலத்ததும் பிள்ளைகளை மேட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். டிரங்குப் பெட்டியை எடுக்கத் திரும்பிப் போன புருஷன் நரசிம்மலு வரவில்லை. அவளோடு ஓடினேன். குடிசை இருந்த இடத்தில் குடிசை இல்லை. நான் தண்ணீரில் இறங்கினேன். அங்கே ஒரு பெரிய பாறை உண்டு, யானை படுத்திருப்பது போல. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மழை விட்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியும் தண்ணீர் என் கழுத்தைத் தொட்டது. நான் ஐந்தரை அடி என்று சொல்லிக்கொள்கிறவன்; உண்மையில் ஐந்தேகால்தான். இரண்டு நாள் கழித்துக் கீழே வெகு தூரத்தில் நரசிம்மலு கிடைத்தான்.

பிறகு ஒரு நாள் சாயம்மா ஒரு காகிதத்தோடு வந்தாள். மழை வெள்ளத்தில் செத்தான் என்றால் நிவாரணம் உண்டாம். அன்றைக்குப் பெய்த மழை இவ்வளவு என்று எங்கள் நிலையம் எழுதித் தர வேண்டுமாம். அண்ணன் அதற்குள் வேலைக்குத் திரும்பியிருந்தார். கண்ணில் இன்னும் மஞ்சள் போகவில்லை. ஏட்டைத் திறந்தார். எண்ணைப் பார்த்தார். வெளியே போய் மழைமானியின் டப்பாவைத் திறந்தார். உட்புறச் சுவரில் வழக்கமாக இருக்காத உயரத்தில் சேறு வளையமாகக் காய்ந்திருந்தது. அதைத் துடைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. திரும்பி வந்து கதவைச் சாத்தினார்.

"டேய், என்னடா இது? நெஜத்தச் சொல்லு."

சொன்னேன். அழுதேன். காலில் விழுந்தேன். "திருத்திடலாம்ணா, ஒரு கோடு போட்டுடலாம்" என்றேன். "போட்டா என்னான்னு எழுதுவேன்? உனக்கே தெரியாதே எவ்வளவுன்னு" என்றார். அந்த எண்ணுக்கு மேலே கட்டத்தில் இடம் இருந்தது, தினா. இத்தனை வருஷம் கழித்தும் அந்த வெற்றிடம் என் கண்ணில் நிற்கிறது. கோடு போட்டால் என் வேலை போகும், ஒருவேளை அவருடையதும் போகும். நீ அப்போது கைக்குழந்தை.  அவர் ஏட்டில் உள்ளபடியே பெயர்த்தெழுதிக் கையெழுத்துப் போட்டு சாயம்மாவிடம் கொடுத்தார். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, இவ்வளவு மழைக்கெல்லாம் வெள்ளம் வராது, குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்திருப்பான் என்று நிவாரண ஆபீசில் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நரசிம்மலு குடிக்காதவன். காகிதத்தில் குடிகாரனாகவே செத்தான்.

நீ ஹாலில் மாட்டி வைத்திருக்கும் கையெழுத்து அந்த மாதத்துக் கையெழுத்துதான். சாயம்மாவின் காகிதத்தில் போட்டதும் அதற்குப் பிறகு மாதக் கடைசியில் போட்ட இதுவும்தான் உன் அப்பா தன் ஆயுளில் தெரிந்தே போட்ட பொய்க் கையெழுத்துகள். இரண்டும் எனக்காகப் போட்டவை. அவரை நீ கோபித்துக்கொள்ளாதே. கோபத்தையெல்லாம் என் பக்கம் திருப்பு. அதற்குப் பிறகு இருந்த எட்டு வருஷமும் எட்டரை மணி என்றால் அவரே போவார். காய்ச்சலிலும் போவார். என்னை மழைமானியைத் தொட விடவில்லை. நான் ஏதாவது கதை அளந்தால் "ரெண்டால வகுத்துக்கோ" என்று சொல்வதையும் விட்டுவிட்டார். வீட்டில் மற்றவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள், அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்.

சாயம்மாவோ அதே புல்லை அதே மழைமானியைச் சுற்றி வெட்டிக்கொண்டிருந்தாள். உன் அப்பா போன பிறகு ஒரு நாள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள். "சின்ன சார், ஆ ரோஜு நிஜங்கா அந்த வானேனா?" அன்றைக்கு நிஜமாகவே அவ்வளவு மழைதானா என்று. அவள் குரலில் சண்டை இல்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் "அவுனு" என்றேன். ஆமாம் என்று ஒரே வார்த்தை. நிஜாமையும் புளியமரத்தையும் வைத்து மூன்று மணி நேரம் கதை விடுகிறவன், ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன் போக வேண்டிய வீடு ஒன்று இருந்தது. முந்தாநாள் போனேன். சாயம்மா இல்லை, போய்ச் சில வருஷம் ஆகிறது. மகள் இருந்தாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "அம்மாவுக்குத் தெரியும்" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "சின்ன சார் எதைச் சொன்னாலும் சிரிச்சுக்கிட்டே நீட்டி நீட்டிச் சொல்வாரு, அன்னைக்கு மட்டும் சிரிக்காம ஒரே வார்த்தையில சொன்னாருன்னு அம்மா சொல்லுச்சு" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. எங்கள் அப்பா குடிக்க மாட்டார் என்று எழுதுங்கள் என்று மட்டும் கேட்டாள். எழுதிவிட்டேன். நரசிம்மலு குடிக்க மாட்டான். இந்த மலரைப் படிக்கிற எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி உனக்கும் கவிதாவுக்கும். நான் புத்தி சொல்லத் தகுந்தவன் இல்லை, ஆனாலும் கேளுங்கள். தை மாதம் உங்களுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது, அதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அளக்கும்போது பேசாதீர்கள். தப்பு என்று தெரிந்த அன்றைக்கே கோடு போட்டுவிடுங்கள். ஒரு நாள் தள்ளினால் அந்தக் கட்டத்தைப் பார்க்கவே தைரியம் வராது. உன் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கும் அந்த எண்ணுக்குக் குறுக்கே முதலில் ஒரு கோடு போடு. கம்ப்யூட்டரில் எப்படிக் கோடு போடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. மேலே எழுத என்னிடம் எண்ணும் இல்லை. அங்கே என் பெயரைப் போடு. இல்லாவிட்டால் உன் மனைக்குச் சொன்ன அதே பொய்யை அது இனி ஊரில் எத்தனை மனைக்குச் சொல்லுமோ. இப்போது மாடிக்கு மாடி சூரியத் தகடு வைத்த பெட்டிகள் வந்து தானாகவே மழையை அளக்கின்றனவாம். நல்லது. அவற்றுக்கு டீக்கடையும் இல்லை, யூசுப் பாயும் இல்லை. ஆனால் அந்தப் பெட்டிகள் பிறப்பதற்கு முன் பெய்த மழை என் கையெழுத்தில்தான் கிடக்கிறது.

எண் இல்லையே, பிறகு உங்கள் பேச்சை எப்படி நம்புவது என்று நீ கேட்பாய். உன் அப்பா உனக்காக ஒன்றை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். உனக்குத்தான் என்று அன்றைக்கு அவருக்கும் தெரியாது. சாயம்மாவைத் திருப்பி அனுப்பினார்கள் என்று தெரிந்த ஞாயிற்றுக்கிழமை, லாலாகுடாப் பட்டறைக்காரர் ஒருவரிடம் உளியும் சுத்தியலும் இரவல் வாங்கிக்கொண்டு என்னை அந்தப் பாறைக்கு அழைத்துப் போனார். தண்ணீர் வடிந்து தரை காய்ந்திருந்தது. என்னை முதுகு ஒட்ட நிற்க வைத்தார்.

"எது வரைக்கும்?"

"இங்கண்ணா." கழுத்தைக் காட்டினேன்.

"ரெண்டால வகுக்கணுமா?"

"வேணாண்ணா."

என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அந்த உயரத்தில் உளியை வைத்தார். கருங்கல் சுலபத்தில் விடுமா? நோயில் எழுந்த உடம்பு. நாலு அடிக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. நான் அடிக்கிறேன் என்றேன், கொடுக்கவில்லை. ஒரு சாண் நீளத்துக்குக் குறுக்கே ஒரே ஒரு கோடு. முடிந்ததும் தூசியை ஊதிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு நாங்கள் இருவரும் அந்தப் பக்கம் சேர்ந்து போனதில்லை.

நீ போனில் சொன்னாயே, மனையின் வடகிழக்கு மூலையில் யானை மாதிரி ஒரு பாறை வாஸ்துவுக்கு இடைஞ்சலாக இருக்கிறது, பூமி பூஜைக்கு முன் ஆள் வைத்து உடைக்கப் போகிறேன் என்று. அதுதான் இது. வாய்க்கால் பக்கம் பார்த்த முகத்தில் கொடி படர்ந்திருக்கும், விலக்கிப் பார். நேற்று நான் தனியாகப் போய்த் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அன்றைக்கு என் கழுத்துக்கு வந்த கோடு இப்போது இடுப்புக்கு வருகிறது. லேஅவுட்காரர்கள் லோடு லோடாக மண்ணைக் கொட்டித் தரையை உயர்த்தியிருக்கிறார்கள், அதனால். இடுப்புதானே என்று நினைத்துவிடாதே. தரை உயர்ந்தால் தண்ணீர் போகவும் இடம் இல்லை. முன்பு அது பரந்து நின்ற குளத்து வயிறு முழுக்க இப்போது மனைதான். லோத்குண்டா என்றால் ஆழமான குளம் என்று உன் பள்ளிக்கூடத்துத் தெலுங்கே சொல்லும்.

முதல் செங்கல் வைக்க நான் வர மாட்டேன். வீடு வேண்டாம் என்றால் விட்டுவிடு. வேண்டும் என்றால் வேறு எங்காவது மேட்டில் கட்டு. பாறையை மட்டும் உடைக்காதே. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு வா. நான் அங்கே பாறை ஓரமாக நிற்பேன், பேச மாட்டேன். உன் அப்பா போட்ட கோட்டில் கையை வை. அங்கிருந்து கீழே, கொட்டிய மண்ணையும் தோண்டிப் பழைய தரை வரைக்கும் அளந்து பார். நான் இதுவரை சொன்ன எல்லாவற்றையும் இரண்டால் வகுத்துக்கொள், தினா. அந்தக் கோட்டை மட்டும் வகுக்காதே.

சித்தப்பா